மலைநாட்டுக்குப் போகும் வழி

புதுக்குடியிருப்பில் வெளிநாட்டு வைத்தியக் குழு தங்கியிருந்த வீட்டுக்குப் புதிதாக யார் வந்து இறங்கினாலும், அடுத்த நாள் காலை அவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போவது ராசுவின் வேலை. இந்தத் தண்ணீரில் குளிக்கலாம், ஆனால் பல் தீட்டக்கூடக் கூடாது, குடிக்கிறதென்றால் குசினியில் மூடி வைத்திருக்கிற கொதித்தாறிய தண்ணீர் மட்டும்தான் என்று அங்கிருந்து தொடங்குவான். பிறகு அறைக்கு வருவான். காலையில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை விட வேண்டும், உள்ளே புலிமுகச் சிலந்தியோ மட்டத்தேளோ படுத்திருக்கும். நுளம்பு வலையின் கரையை மெத்தைக்குக் கீழே செருக வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். இடக்கையால் எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. சனங்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது மறுப்பில்லை, சம்மதம். தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள், ஒரு மிடறாவது குடியுங்கள். சீனி விற்கிற விலையில் அந்த ஒரு கோப்பைக்கு அவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கடைசியாக, வேலியோரம் வெட்டியிருந்த பதுங்குகுழியைக் காட்டுவான். விமானச் சத்தம் கேட்டால் மேலே பார்த்துக்கொண்டு நிற்காமல் இதற்குள் இறங்க வேண்டும்.

இதில் பாதி அவன் வன்னியில் படித்தது. மீதிப் பாதியைப் படித்தது பெந்தோட்டைப் பக்கத்துக் கடற்கரை விடுதி ஒன்றில். தலவாக்கலைக்கு மேலே, வெள்ளிமலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வீராயிக்கும் மாடசாமிக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தவன் அவன். பதினெட்டு வயதில் மலையிலிருந்து இறங்கி, அந்த விடுதியில் கோப்பை கழுவப் போய், மூன்று வருடத்தில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கறுப்புப் போவும் கட்டி மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஆளாகிவிட்டான். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் ஜேர்மன்காரர். அவர்களுடைய பாஷையில் வணக்கம் சொல்லவும், மீனில் முள் இருக்கிறது என்று எச்சரிக்கவும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லவும் அவனுக்குத் தெரியும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் விடுதி எரிந்தது. பெரிய சமையற்காரர், சிங்களவர், அவனை இரண்டு நாள், தீ எட்டாத உடுப்புத் தோய்க்கிற அறையில் பூட்டி வைத்துக் காப்பாற்றினார். அடையாள அட்டை, பெட்டி, சேர்த்த காசு எல்லாம் பணியாட்கள் தங்குகிற கொட்டிலோடு போயிற்று. உடுத்த சாரத்தோடு கொழும்பு முகாமுக்குப் போய், அங்கிருந்து வவுனியாவுக்கு ஏற்றின பஸ்சில் வந்து சேர்ந்தான்.

வவுனியாவிலிருந்து வீட்டுக்கு இரண்டு கடிதம் போட்டான். பதில் இல்லை. முகாமில் தலவாக்கலைப் பக்கத்து ஆள் ஒருவரைக் கண்டு விசாரித்தபோது, “வெள்ளிமலையா? கீழ்க்கணக்குச் சனம் முழுக்கப் பாஸ்போட் கெடச்சுக் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருச்சே” என்றார் அவர். அந்த வருடங்களில் அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கு. ராசு நம்பிவிட்டான். போன இடத்தில் தம் பாட்டுக்கு நல்லாயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது அப்போது அவனுக்குச் சுலபமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினவர்களோடு சேர்ந்து கூலி வேலை செய்தான். நேசமலரைக் கட்டினான். அவள் உடையார்கட்டுக்காரி. தோட்டக்காட்டானுக்குப் பெண் கொடுப்பதா என்று அவளுடைய தமையன்மார் கலியாணத்துக்கே வரவில்லை. ராசு நாவை மாற்றிக்கொண்டான். ‘ஆமா’ போய் ‘ஓம்’ வந்தது, ‘வர்றேன்’ போய் ‘வாறன்’ வந்தது. சுமித்திரா பிறந்து பேசத் தொடங்கியபோது அந்த வீட்டில் மலைநாட்டுத் தமிழ் ஒரு சொல்கூட இல்லை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது மூவரும் உடையார்கட்டுக்கே வந்து, நேசமலரின் தாய்வழிக் காணியில் கொட்டில் போட்டார்கள். அடுத்த வருடம் வைத்தியக் குழுவுக்கு வீடு பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஜேர்மன் தெரிந்த ஒரு கூலிக்காரன் இருக்கிறான் என்ற கதை எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருந்தது.

ஹெல்கா வந்தது தொண்ணூற்றொன்பது சித்திரையில். ஐம்பதைத் தாண்டிய தாதி, உயரமான மனுஷி. மலேரியாக் காய்ச்சல் வார்ட்டில் காலை ஆறு மணிக்கு நுழைந்தால் இருட்டும்போதுதான் வெளியே வருவார். ராசு சொன்னதையெல்லாம் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். நாலு மாதம் முடிய, ஆவணியில் அவருக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. எங்கே போகலாம் என்று ராசுவிடமே கேட்டார்.

மலைக்குப் போங்கோ மேடம் என்றான் ராசு. அதற்கு முன்னும் இரண்டு மூன்று பேருக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறான். கோட்டை ஸ்ரேசனில் காலை ரயில் எடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஏறாதீர்கள், முதலாம் வகுப்பிலும் ஏறாதீர்கள், அதில் கண்ணாடி பூட்டிக் கிடக்கும். இரண்டாம் வகுப்பில் வலப்பக்க யன்னலோரம் பிடியுங்கள். நாவலப்பிட்டியில் வடை விற்பார்கள், சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஹற்றனுக்கு முதல் ஒரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும். கொழுந்து பறிக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்தால் காசைக் கையில் திணிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு ஏதும் வாங்கிக் கொடுங்கள்.

அவர் எழுதி முடித்து கொப்பியை மூடும்போது, ராசு ஒரு கடதாசித் துண்டை நீட்டினான். அதை எழுத அவனுக்கு இரண்டு நாள் எடுத்திருந்தது. ‘வெள்ளிமலைத் தோட்டம், கீழ்க்கணக்கு, எட்டாம் நம்பர் லயம். மாடசாமி மகன் ராசு இருந்த இடம். இந்த அம்மாவுக்குக் காட்டவும். இப்படிக்கு, ராசு.’

தன்னுடைய ஆட்கள் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், இப்போது அங்கே வேறு யாரோ இருப்பார்கள், அதனால் பரவாயில்லை, லயத்து வரிசை வீட்டையும் பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலையும் ஒரு படம் எடுத்து வந்தால் போதும் என்று விளக்கினான். மகள் ஒருநாளும் கண்டதில்லை என்றான். நீங்களே ஒருமுறை கூட்டிக்கொண்டு போகலாமே என்று ஹெல்கா கேட்டார். ராசு சிரித்தான். அடையாள அட்டை இல்லாதவனை இராணுவம் வவுனியாவுக்குள் விடாது. அட்டை எடுக்கப் பிறப்புப் பதிவு வேண்டும், அதை எடுக்கத் தலவாக்கலைக்குப் போக வேண்டும், தலவாக்கலைக்குப் போக அட்டை வேண்டும். இதை அவன் அரை ஆங்கிலத்திலும் அரை ஜேர்மனிலும் சொல்லி முடித்தபோது அவருக்குச் சரியாக விளங்கியதா என்று தெரியவில்லை. அந்தத் துண்டைப் பத்திரமாகக் கொப்பிக்குள் வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் வாகனம் வந்து நின்றது. ஹெல்கா முகமெல்லாம் சிவந்து, கையில் ஒரு கடித உறையோடு இறங்கினார். உடுப்புக்கூட மாற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து, “ராசு, உங்கள் தங்கச்சியைக் கண்டேன்” என்றார்.

ராசு அடுப்பில் இருந்த கேத்திலை இறக்கி வைத்தான்.

துண்டைக் காட்டியதும் ஆட்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அந்த லயத்துக்குக் கொண்டுபோனார்களாம். ஒரு பெண் துண்டைப் பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாளாம். பிறகு சிரித்தாளாம், பிறகு மறுபடியும் அழுதாளாம். பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் சனம் வந்து குவிந்துவிட்டதாம். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன், தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேன், நீங்கள் சொன்னபடி எல்லாம் சரியாகச் செய்தேன் என்றார் ஹெல்கா. வெளிச்சம் குறைந்த அறையில் எடுத்த படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கொழும்பிலேயே கழுவியிருந்தார்.

“அவர்கள் உங்களைக் கடவுள்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் பூ வைத்து விளக்கேற்றுகிறார்களாம். உங்களில் எவ்வளவு அன்பு, பாருங்கள்” என்றார்.

படத்தில் ஒரு சுவர். முருகன் படம், மாரியம்மன் படம். அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் கறுப்புப் போவும் கட்டின இருபத்தொரு வயது ராசு, பெந்தோட்டை ஸ்ருடியோவில் எடுத்து அனுப்பியது. கண்ணாடிச் சட்டத்துக்குக் காகிதப்பூ மாலை. நெற்றியில் குங்குமம். அதற்குப் பக்கத்தில், அதேபோல மாலையோடு, அவனுடைய அம்மா.

ராசு படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஹெல்கா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணித்தியாலம் ரயிலில் போய், சேறு மிதித்து மலையேறி, சந்தோஷச் செய்தி கொண்டுவந்த மனுஷி. கடை கண்ணிகளில் சாமி படங்களுக்கு மாலை போட்டிருப்பதைத்தான் அவர் கண்டிருக்கிறார்.

“ஓம் மேடம். என்னில சரியான அன்பு” என்றான். நன்றி சொன்னான். இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனான்.

ஹெல்கா கொண்டுவந்த கடிதத்தைக் கொட்டிலின் முன்னால் நின்றபடியே படித்தான். தங்கை மருதாயி சொல்ல அவளுடைய மகள் எழுதியது. சொன்னதைச் சொன்னபடியே பிள்ளை எழுதியிருந்தாள்.

‘அண்ணே, சீட்டுல இருந்த ஒன் கையெழுத்தப் பாத்துத்தான் நம்புனோம். ஓட்டல் எரிஞ்சப்ப நீயும் உள்ளயே போயிட்டேன்னு பக்கத்து ஓட்டல்ல இருந்த செல்லையா வந்து சொன்னான். அப்பா பதினாறாம் நாள் ஒனக்குக் கருமாதி பண்ணிட்டாரு. அம்மா ஒத்துக்கல. கருமாதிச் சோறு திங்கல. நாங்க பயந்து ஒரு வருசம் மாமா தோட்டத்துக்குப் போயி இருந்தோம், பொறவு திரும்பி வந்தோம். இந்தியாவுக்கெல்லாம் போகல. அப்பா எம்பத்தொம்பதுல போயிட்டாரு, அவரு படம் ஒண்ணுமில்ல. அம்மா இருக்கற வரைக்கும் ஒன் படத்துக்கு மாலை போட விடல. உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டா ஆயுசு கொறையும்னு சண்ட போட்டுச்சு. தொண்ணூத்தி நாலு மாசியில அம்மா செத்துச்சு. அப்பறமாத்தான் ரெண்டு படத்துக்கும் ஒண்ணா மாலை போட்டோம். எங்கள மன்னிச்சிரு அண்ணே.’

நேசமலர் விறகைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். “என்னப்பா, என்ன எழுதியிருக்கு?”

“எங்கம்மா செத்துப்போச்சு” என்றான் ராசு. “அஞ்சு வருசமாச்சு.”

பதின்மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. வேறு யாரோ பேசுகிறதைப் போல இருந்தது அவளுக்கு.

அழுகை அவனுக்கு அன்றைக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலை செய்துகொண்டிருக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்ததில் வந்தது. தொண்ணூற்று நாலு மாசியில் அவன் கிளிநொச்சியில் இருந்தான். வெங்காயம் நட்டிருந்தான். தபால் கந்தோர் ஒன்றரைக் கட்டை தூரம்தான். முதல் இரண்டு கடிதத்தோடு நிறுத்தாமல் மூன்றாவதாக ஒன்று போட்டிருந்தால், கோயில் பூசாரிக்கோ பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கோ ஒரு தபாலட்டை போட்டிருந்தால், அது போய்ச் சேர்ந்திருக்கும். பத்து வருடம் இருந்தது. முகாமில் யாரோ முகம் தெரியாத ஒருவன் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் சும்மா இருந்துவிட்டான். அம்மா மட்டும் யார் சொல்லையும் நம்பவில்லை.

ஹெல்கா அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைத் தன்னோடு வேலை செய்த ராஜினி என்ற உள்ளூர்த் தாதிக்குக் காட்டியிருக்கிறார். அன்று மத்தியானம், வார்ட்டை விட்டு ஒருநாளும் அந்நேரத்தில் வராதவர், வந்து குசினி வாசலில் நின்றார். அவருடைய கண் வீங்கியிருந்தது.  ராசு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி வலக்கையால் நீட்டினான். அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களில பிழை இல்ல மேடம். நீங்கள் போகாட்டில் எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றான் ராசு.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே எண்ணம்தான், எப்படியாவது மருதாயியைப் பார்த்துவிட வேண்டும். வைத்தியக் குழுவின் வாகனத்தோடு கடிதங்கள் போய் வந்தன. வெள்ளிமலையிலிருந்து போய்க் குடியேறின குடும்பம் ஒன்று, இராணுவத்தின் சோதனைச் சாவடிக்கு அப்பால் வவுனியாப் பக்கத்துப் பூவரசங்குளத்தில் இருந்தது. தை மாதக் கடைசியில் மருதாயி அங்கே வந்து நிற்பதென்றும், ராசு இந்தப் பக்கத்தில் இயக்கம் கொடுக்கிற பாஸ் எடுத்துக்கொண்டு போவதென்றும் முடிவாயிற்று. வெளியூர்க்காரியான அவளுக்கு மூன்று நாள் தங்கத்தான் அனுமதி. ராசுவுக்கு, திரும்பி வருவான் என்பதற்குப் பிணையாக நேசமலரும் சுமித்திராவும் இங்கே இருப்பதால், ஒரு கிழமைக்குப் பாஸ் கிடைத்தது. அட்டை இல்லாத குறைக்குக் கிராம அலுவலரின் கடிதம், வைத்தியக் குழுவின் கடிதம், ஹெல்கா கையெழுத்திட்டுக் கொடுத்த இன்னொரு கடிதம். நேசமலர் காட்டுத்தேன் ஒரு போத்தலும் இறால் கருவாடும் கட்டிக்கொடுத்தாள்.

சைக்கிளிலும் உழவு இயந்திரப் பெட்டியிலுமாக இரண்டு நாள் போய், இரு தரப்புக்கும் இடையில் ஆளில்லாமல் கிடந்த வெளியை மற்றச் சனங்களோடு நடந்து கடந்து, சோதனைச் சாவடி வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவர் கமலாசனி என்ற ஓய்வுபெற்ற ரீச்சர், கண்ணுக்கு மருந்து எடுக்க வவுனியா போகிறவர். வரிசை நகர நகர ராசு தன் கதை முழுவதையும் அவருக்குச் சொல்லிவிட்டான். ஊர் ஆட்களிடம் ஒருநாளும் சொல்லாத கதை.

மேசையில் இருந்த இராணுவப் பொடியனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ராசு சிங்களத்தில் பேசியதும் நிமிர்ந்து பார்த்து, இவ்வளவு சுத்தமாக எங்கே படித்தாய் என்று கேட்டான். பெந்தோட்டையில் என்றான் ராசு. தன்னுடைய ஊர் அளுத்கமை என்றும், அந்த விடுதி நின்ற இடத்தில் இப்போது புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள் என்றும் அவன் சொன்னான். மூன்று கடிதத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தான். எழுந்து உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான். அட்டை இல்லாமல் விட முடியாது அண்ணே, எனக்கு விட விருப்பம்தான், மேலே கேட்டுப் பார்த்தேன் என்றான். அவன் ஏசித் துரத்தியிருந்தால் ராசுவுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

“இஞ்சால இருந்து பூவரசங்குளம் எவ்வளவு தூரம் ரீச்சர்?” என்று கமலாசனியைக் கேட்டான். சில கட்டைதான், வாகனத்தில் கால் மணித்தியாலம் என்றார் அவர்.

தேனையும் கருவாட்டையும் அவரிடம் கொடுத்தான். பெயரையும் வீட்டு அடையாளத்தையும் இரண்டுதரம் சொன்னான். பின்னேரம் பாதை மூடுகிற வரைக்கும் அங்கேயே நின்றான். அடுத்த நாளும் வந்து நின்றான். மூன்றாம் நாள் மருதாயியின் அனுமதி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு நிற்பதில் அர்த்தமில்லை.

கமலாசனி ரீச்சர் பத்து நாள் கழித்து, ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டினபடி, உடையார்கட்டுக் கொட்டிலைத் தேடிக்கொண்டு வந்தார். நேசமலர் பாய் விரித்தாள். தங்கச்சி உன்னைப்போலவே நெட்டையான பிள்ளை தம்பி என்றார். பொருளைக் கொடுத்ததும் அவள் அதைப் பார்க்காமல், அண்ணன் மெலிவா, தலை நரைச்சிட்டுதா, எத்தனை பல் இருக்கு, பொம்பிளைப் பிள்ளை ஆருடைய சாயல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். மூன்று நாளும் றோட்டோரத்தில் ஒரு மரத்தடியில் நின்றாளாம். வருகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் எழும்பி நின்று பார்த்தாளாம்.

“போகேக்க ஒரு சொல் சொன்னவா” என்றார் ரீச்சர். “படத்தில இருந்த மாலையைக் கழட்டிப்போட்டாவாம். ஆனா அம்மான்ர படத்தைத் தனிய விட மனமில்லாம, ரெண்டையும் ஒண்டாத்தான் வைச்சிருக்கிறாவாம்.”

ராசு தலையை ஆட்டினான். ரீச்சரைச் சந்தி வரைக்கும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டான்.

சித்திரை பிறந்தது. ஆனையிறவுப் பக்கம் சண்டை மூண்டு, பகல் முழுவதும் வடக்கே நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது. காயக்காரரால் ஆஸ்பத்திரி நிரம்பி, ஹெல்கா வீட்டுக்கு வருவதே அருமையாகிவிட்டது. அப்படியான ஒரு காலையில் நேசமலர் அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

“இண்டைக்குச் சித்திராப் பௌர்ணமி. தாய் இல்லாத ஆக்கள் விரதம் பிடிக்கிற நாள்” என்றாள். “உங்கட பக்கத்தில எப்படியோ தெரியாது. இஞ்ச அப்பிடித்தான். குளிச்சிட்டு வாங்கோ, கோயிலுக்குப் போவம்.”

அவளோடு இத்தனை வருடம் இருந்தும், தன் தாய்க்கு அவள் இந்த நாளில் சோறு படைப்பதை அவன் கண்டிருந்தும், அது தனக்கும் உரிய நாள் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. குளித்தான். வெள்ளை வேட்டி கட்டினான். சுமித்திராவும் கூட வந்தாள்.

கோயிலில் சித்திரைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் குறைவு. தாய்மாருக்கு மோட்ச அர்ச்சனை செய்ய வந்தவர்கள் வரிசையாக நின்று பெயர் சொன்னார்கள். ராசுவின் முறை வந்ததும் ஐயர், செத்த திதி என்னவென்று கேட்டார். மாசி மாதம் என்று மட்டும்தான் தெரியும் என்றான். பரவாயில்லை, இன்றைக்கு எல்லாருக்கும் பொது என்றார் ஐயர்.

“தாயாற்ர பேர்?”

ராசு கைகளைக் கூப்பினான்.  

“வீராயி” என்றான்.

ஐயர் அதைத் திருப்பிச் சொல்லி மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற சுமித்திரா தகப்பனின் வேட்டியைப் பிடித்து இழுத்து, அப்பம்மாவுக்கு அதுவா பெயர் என்று மெதுவாகக் கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

“ஆமா” என்றான் ராசு.